எயினர்: சங்கப் பாடல்களின் வேட்டுவக் குடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் பழந்தமிழ்ப் பாடல்களைக் கூடிப் படிக்கும் நண்பர்களும், விடுமுறைக்கு ஏற்காடு வந்து சேர்வராயன் மலையைச் சுற்றிப் பார்க்கும் மாணவர்களும் எயினரைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். எயினரைக் கொடியவர்களாகவோ, ஒன்றும் அறியாத அப்பாவிகளாகவோ மட்டும் காட்டும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பாடல்களோ அவர்களை வீடும் அடுப்பும் பசியும் விருந்தோம்பலும் உள்ள மக்களாகக் காட்டுகின்றன. அந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டுவதே என் நோக்கம்.

எயினர் என்போர் யார்?

சங்க இலக்கியத்தில் பாலைத் திணைக்கு உரியவர்களாகச் சொல்லப்படும் வேட்டுவக் குடியினர் எயினர். பெண்களை எயிற்றியர் என்பர். வளைந்த வில்லும், துடி என்னும் பறையும், வேட்டை நாயும் இவர்களுக்கு உரியவை. குறும்பு என்று சொல்லப்படும் சிற்றரண் இவர்களுடைய ஊர்.

பாலை என்றதும் மணல்வெளியைக் கற்பனை செய்துகொள்பவர்கள் பலர். முல்லை நிலமும் குறிஞ்சி நிலமும் மழை பொய்த்துத் தம் இயல்பு கெடும்போது பாலையாக உருமாறும் என்று சிலப்பதிகாரம் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே எயினர் வாழ்ந்ததாகப் பாடப்படும் இடம் வறண்ட மலைக்காடும் முட்புதரும்தான். சித்திரை மாதத்தில் சேலத்திலிருந்து ஏற்காட்டுச் சாலையில் ஏறத் தொடங்கும் இடத்தில், அடிவாரத்து மரங்கள் இலையுதிர்ந்து, பாறைகள் அனல் கக்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்குப் பாலையைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் உண்மையில் வாழ்ந்தவர்களா, புலவர்களின் கற்பனையா?

இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற முடியாது. வேட்டையாடி வாழ்ந்த மக்கள் பழந்தமிழகத்தில் இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் பாடலுக்குள் நாம் காணும் எயினர், திணை மரபு என்னும் ஒழுங்குக்குள் புலவர்கள் அமைத்துத் தந்த மக்கள். அகப்பாடல்களில் இது நன்றாகவே புலப்படும். பொருள் தேடப் போன தலைவனை எண்ணித் தலைவி கலங்க வேண்டுமானால் அவன் போகும் வழி கொடியதாக இருக்க வேண்டும். வழி கொடியதாக இருக்க வேண்டுமானால் அங்கே வில்லோடு எயினர் நிற்க வேண்டும். ஓதலாந்தையார் பாடிய குறுந்தொகை 12-ஆம் பாடலில், கொல்லனின் உலைக்கல் போலக் காய்ந்த பாறை மீதேறி எயினர் அம்பு தீட்டுகிறார்கள். அந்தக் காட்சி முழுவதும் தலைவியின் மனத்தில் நிகழ்கிறது. தலைவனின் தேர் அந்த வழியாகத்தான் போனது என்று பிறர் சொல்லக் கேட்டு அவள் அஞ்சுகிறாள்.

அதற்காக எல்லாவற்றையும் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் கூடாது. பாலை பாடிய பெருங்கடுங்கோவின் பாடல் ஒன்றில் (குறுந்தொகை 16) வழிப்பறி செய்யும் கள்வர் தம் அம்பைச் சீராக்கிக்கொள்ள அதை நகத்தின் நுனியில் வைத்துப் புரட்டுகிறார்கள்; அப்போது எழும் மெல்லிய ஓசை, பல்லி தன் துணையை அழைக்கும் ஒலி போல இருக்கிறது. வில்லாளிகளின் அருகே இருந்து பார்த்துக் கேட்டவர் ஒருவரின் அனுபவம் இந்த வரிக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

எயினன் என்ற பெயர் தாங்கிய தலைவர்களும் பாடப்பட்டிருக்கிறார்கள். ஆய் எயினன் என்பவன் பாழி என்னும் இடத்தில் மிஞிலியோடு பொருது வீழ்ந்தபோது, பறவைகள் திரண்டு வந்து சிறகால் நிழல் செய்தன என்று பரணர் பாடுகிறார். குறமகள் இளவெயினி என்ற பெண்பாற் புலவர் ஏறைக்கோன் என்னும் குறவர் தலைவனைப் பாடிய பாடல் புறநானூற்றில் 157-ஆவதாக இருக்கிறது. இந்தப் பெயரைப் பார்க்கும்போது, மலைநாட்டு மக்களைப் பற்றி வெளியார் மட்டுமே பாடினார்கள் என்று சொல்லிவிட முடியாது.

குறவர், கானவர், வேட்டுவர், எயினர் எல்லாரும் ஒருவரேயா?

முற்றிலும் ஒருவரல்லர், ஆனால் எல்லைக்கோடு அழுத்தமானதும் அன்று. குறவரும் கானவரும் குறிஞ்சி மக்கள். தினை விதைத்து, கிளி கடிந்து, தேனெடுத்து, கிழங்கு அகழ்ந்து, வேட்டையும் ஆடுவார்கள். எயினருக்கு வேட்டையும் ஆநிரை கவர்தலும் முதன்மையாகச் சொல்லப்படுகின்றன. வேட்டுவர் என்பது தொழிலால் வந்த பொதுப்பெயர். தொல்காப்பியம் ஆயரோடு சேர்த்து அதைத் திணைப்பெயராகக் குறிக்கிறது. இருந்தாலும் எயினர் வாழும் சுரத்தை (வறண்ட காட்டுவழியை) பாடிக்கொண்டே வரும் பெரும்பாணாற்றுப்படை, நடுவில் அங்கே வேட்டையாடுவோரைக் கானவர் என்று சொல்லிச் செல்கிறது. புலவர்களுக்கே இதில் கறாரான பிரிவினை இருக்கவில்லை. பிற்காலத்துச் சாதிப் பெயர்களோடு இவற்றை ஒட்டவைத்துப் பெருமையோ சிறுமையோ பேசுவது எவருக்கும் நன்மை தராது.

அவர்களுடைய வீடும் ஊரும் எப்படி இருந்தன?

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன் மீது பாடிய பெரும்பாணாற்றுப்படையைப் போல வேறெந்தப் பாட்டும் இதை இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்லும் பாட்டு அது. சுரத்தில் எந்த வீட்டில் என்ன கிடைக்கும் என்று அவன் சொல்லிக்கொண்டே போகிறான்.

எயினரின் குடிசை ஈந்தின் இலையால் வேயப்பட்டது. அதன் கூரை முள்ளம்பன்றியின் முதுகு போலக் குத்திட்டு நிற்கிறது. உள்ளே மான்தோல் விரிப்பில், அண்மையில் பிள்ளை பெற்றவள் குழந்தையோடு முடங்கிக் கிடக்கிறாள். அவளை விட்டுவிட்டு மற்றப் பெண்கள், இரும்புப் பூண் மாட்டிய கனத்த கோலை எடுத்துக்கொண்டு கரம்பை நிலத்தைக் கிளறப் போகிறார்கள். புழுதி படிந்த உடம்போடு புல்லரிசி திரட்டிக்கொண்டு திரும்புகிறார்கள். முற்றத்தில் தேய்ந்த அடிமரத்தோடு ஒரு விளாமரம். அதில், காட்டு மானை ஈர்க்கப் பழக்கிய பார்வை மான் கட்டப்பட்டிருக்கிறது. மரத்தின் நிழலில் நிலத்தில் தோண்டிய உரலில் அரிசியைப் பெய்து குத்துகிறார்கள். ஆழமான கிணற்றில் ஊறும் உவர்நீரை முகந்து வந்து, விளிம்பு உடைந்த பழைய பானையை முரிந்த அடுப்பில் ஏற்றிச் சமைக்கிறார்கள்.

பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு தரப்பட்டதும், பானையின் வாய் உடைந்திருந்ததும் ஒரு புலவனின் கண்ணில் பட்டிருக்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். அரசனைப் புகழ வந்த பாட்டில் இவற்றுக்கு இடம் தர வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. ஆனாலும் அவர் தந்திருக்கிறார்.

அதே பாட்டில் சற்றுத் தள்ளி எயினர் தலைவனின் குறும்பு வருகிறது. அதைச் சுற்றிலும் முள்வேலியும் காவற்காடும் இருக்கின்றன. வாயிலில் கூரிய கழுமரங்கள் நிரையாக நிற்கின்றன. சங்கிலியில் நாய் கட்டப்பட்டிருக்கிறது. எயினரிடையே குடிசைவாசியும் இருந்தான், அரண் உடைய தலைவனும் இருந்தான் என்பது இதனால் விளங்கும்.

வேட்டை எப்படி நடந்தது?

காட்டுப்பன்றி நீர் குடிக்க வரும் வழியில் குழி தோண்டி, அதற்குள் இரவில் ஒளிந்திருந்து அதன் வரவை எதிர்பார்ப்பது ஒரு முறை. நள்ளிரவு வேட்டை வாய்க்காவிட்டால் பகலில் முயல் வேட்டைக்குப் போவார்கள். புதர்களை அடித்துக் கலைத்து நாய்களை ஏவி, வேலி போலத் தொடர்ந்து வலை கட்டி, தப்பிக்க வழியில்லாதபடி வளைத்துப் பிடிப்பார்கள். முயலின் நீண்ட காதைத் தாமரையின் புறவிதழுக்கு உவமை சொல்கிறது பாட்டு. பிடித்ததைக் கூடிப் பகிர்ந்து உண்டார்கள் என்பதையும் அது சொல்லத் தவறவில்லை.

பழக்கிய பெண்மானைக் கட்டிவைத்து அதனால் காட்டு மானை ஈர்ப்பது இன்னொரு முறை. பார்வை மான் என்பது அதுதான். இதைப் பற்றி மிக அழகான ஒரு பாடல் உண்டு. பெண்களைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

என்ன சாப்பிட்டார்கள்? இறைச்சி மட்டும்தானா?

இறைச்சி மட்டும் அன்று. புல்லரிசிச் சோற்றோடு உப்புக்கண்டம் போல உலர்த்திய இறைச்சியைச் சேர்த்துச் சமைத்து, தேக்கிலையில் குவித்து வழிப்போக்கனுக்குக் கொடுக்கிறார்கள். குறும்பில் தங்கினால் மேட்டுநிலத்து நெல்லின் சிவந்த சோறும், நாய் பிடித்துத் தந்த உடும்பின் வறுவலும் கிடைக்கும். அந்தச் சோற்றின் நிறத்துக்கு ஈந்தின் கொட்டை உவமையாக வருகிறது.

நெல் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதற்குப் புறநானூறு 33-இல் ஒரு விடை கிடைக்கிறது. கோவூர்கிழார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய அந்தப் பாட்டில், காட்டில் வாழும் வேட்டுவன் மான் தசையை வட்டி (கூடை) நிறையக் கொண்டுவருகிறான். ஆய்மகள் தயிர்ப் பானையோடு வருகிறாள். உழவர் வீட்டுப் பெண்கள் குளத்துப் பாசனத்தில் விளைந்த வெண்ணெல்லை அவற்றில் முகந்து கொடுக்கிறார்கள். இருவரும் மகிழ்ந்து திரும்புகிறார்கள். காடும் வயலும் ஒன்றையொன்று சார்ந்திருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எயினர் கொள்ளையர்கள்தானே?

ஆறலைத்தலும் (வழிப்பறியும்) ஆநிரை கவர்தலும் அவர்கள் மீது சொல்லப்படுவது உண்மை. பட்டினப்பாலையில், தோல் செருப்பணிந்த எயினர் துடி முழங்கத் திரண்டு வந்து சூறையாடிய வெற்றுக் களஞ்சியத்துக்குள் பட்டப்பகலில் கூகை குழறுகிறது. ஆனால் அந்த ஊர் அழிந்தது கரிகாலனின் படையெடுப்பால் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆநிரை கவர்தல் அரசர்களுக்கு வெட்சி என்னும் போர்முறையாக இலக்கணம் வகுக்கப்பட்டது. அதையே எயினர் செய்தால் நாம் களவு என்கிறோம். சிலப்பதிகார வேட்டுவ வரியில், கவர்ந்த மாடுகள் கொல்லன், துடியன், பாணன், கள் விற்பவள், ஒற்றன், நிமித்தம் பார்த்துச் சொன்ன கணி ஆகியோரின் முற்றங்களில் நிறைகின்றன. அவர்களுக்குள் ஒரு பங்கீட்டு முறை நிலவியது.

பெண்களுக்கு என்ன இடம் இருந்தது?

குறும்பில் வாழும் பெண்களின் துணிவைப் பெரும்பாணாற்றுப்படை வியந்து சொல்கிறது: யானை தாக்க வந்தாலும், பாம்பு மேலே ஊர்ந்து போனாலும், வானத்தில் இடி முழங்கினாலும், சூல் கொண்டவள்கூட அஞ்சிப் பின்வாங்காத வாழ்க்கை அது.

எனக்கு அதைவிடவும் நெருக்கமானது வீரை வெளியனார் பாடிய புறநானூறு 320. அதில் வருபவன் எயினன் என்று சொல்லப்படவில்லை. வேட்டுவன் என்றே வருகிறது. முன்றிலில் முன்னையும் முசுண்டையும் படர்ந்து, பந்தலே வேண்டாத அளவுக்கு நிழல் விழுந்திருக்கிறது. யானை வேட்டைக்காரனான கணவன் ஆழ்ந்து உறங்குகிறான். கட்டிவைத்த பார்வை மானிடம் காட்டு ஆண்மான் ஒன்று வந்து கூடி விளையாடுகிறது. மனைவி அதைப் பார்த்துவிடுகிறாள். அசைந்தால் கணவன் விழித்துவிடுவான். கலைமானும் பிணையை விட்டு ஓடிவிடும். ஆகவே அவள் வீட்டுக்குள் நடமாடாமல் அப்படியே இருக்கிறாள். அந்த நேரத்தில் மான்தோலில் உலர வைத்திருந்த தினையைக் கானக்கோழியும் இதல் என்னும் பறவையும் வந்து தின்கின்றன, அவள் விரட்டவில்லை. உணவாகக்கூடிய மானும் உணவான தினையும் கைவிட்டுப் போவதைத் தெரிந்தே பொறுத்துக்கொள்ளும் ஒரு வேட்டுவப் பெண்ணைக் காட்டிய இந்தப் பாடலைப் படித்தவர்கள், வேட்டுவர் இரக்கமற்றவர்கள் என்று பேச மாட்டார்கள்.

அவர்கள் வழிபட்ட தெய்வம் எது?

கொற்றவை. வேட்டுவ வரியில் இந்த வழிபாடு விரிவாக வருகிறது. சாலினி என்பவள் தெய்வமேறி ஆடி, எயினர் மன்றுகள் பாழ்பட்டன, வேட்டுவக் குடியினர் அறக்குடியினரைப் போல அடங்கிவிட்டனர், கொற்றவைக்குரிய கடனைச் செலுத்துங்கள் என்று இடித்துரைக்கிறாள். பிறகு குமரி ஒருத்திக்குக் கொற்றவைக் கோலம் செய்கிறார்கள். கூந்தலைச் சிறு பாம்பின் வடிவால் சுற்றிக் கட்டி, பன்றியின் கொம்பைப் பிறையாகச் சூட்டி, புலிப்பல் தாலி அணிவித்து, கையில் வில் கொடுத்துக் கலைமான் மேல் ஏற்றுகிறார்கள். மதுரைக்குப் போகும் வழியில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் அங்கே இளைப்பாறுகிறார்கள். சாலினி கண்ணகியைக் கண்டு, இவள் கொங்கச் செல்வி, குடமலையாட்டி என்றெல்லாம் புகழ்கிறாள். கண்ணகி நாணிக் கணவனின் முதுகுப்புறம் ஒதுங்கிப் புன்னகை செய்கிறாள். காப்பியத்தில் கண்ணகியின் தெய்வத்தன்மையை அவள் வாழ்நாளிலேயே கண்டு சொன்னவள் ஒரு வேட்டுவப் பெண் என்பது எளிதாகக் கடந்துபோகக் கூடிய செய்தியன்று.

சேலம் பகுதிக்கும் இந்த வேட்டுவ மரபுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கொல்லிமலை 1997-இல் நாமக்கல் மாவட்டம் பிரியும்வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த மலைத் தலைவன் வல்வில் ஓரி. வன்பரணர் பாடிய புறநானூறு 152-இல் ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. எய்தவன் யாரென்று தெரியாமலேயே பாணர் கூட்டம் அவன் முன் இசைக்கிறது. அவன் மான் இறைச்சியும் மதுவும் தந்து, தன் மலையின் பொன்னையும் மணியையும் காட்டிலேயே அள்ளிக் கொடுக்கிறான்.

சற்று வடக்கே, 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த தருமபுரிப் பகுதியும் அதை அடுத்த செங்கம் பகுதியும் நடுகற்களுக்குப் பேர்போனவை. செங்கத்துக்கு அருகே எடுத்தனூரில் உள்ள நடுகல், மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காத்து இறந்த வீரனோடு, இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயும் அதில் பெயரோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆநிரை கவர்ந்தவர் பக்கத்தைப் பாடல்களில் படித்தவர்கள், பறிகொடுத்தவர் பக்கத்தை இந்தக் கல்லில் காணலாம்.

இன்னொரு தொடர்பையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார்தான் உ.வே.சாமிநாதையரைப் பழைய காப்பியங்களின் பக்கம் திருப்பியவர். அதன் விளைவாகவே பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும் ஐயரின் பதிப்புகளாக வெளிவந்தன.

ஏற்காட்டு மலையாளி மக்கள் எயினரின் வழித்தோன்றல்களா?

அப்படிச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. ஏற்காட்டுக்கு வருபவர்கள் மிகுதியாகக் கேட்பது இதைத்தான். மிகுதியாகத் தவறுவதும் இங்கேதான். சேர்வராயன், கொல்லி, பச்சை, கல்வராயன், சவ்வாது மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசும் மக்கள். சாமையும் கேழ்வரகும் பயிரிட்டு வாழ்ந்த உழவர்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்கள் என்றும், அவர்கள் தனித்தனி மலைகளில் குடியேறினார்கள் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்தச் சகோதரர்களில் ஒருவர் வேடர் குலப் பெண்ணை மணந்தார் என்று சில வடிவங்களில் வருவதால், வேட்டுவரைத் தம்மினும் வேறான மக்களாகவே அந்தக் கதை எண்ணுகிறது எனலாம். 5,000 அடிக்கு மேல் உள்ள குகைக் கோயிலில் சேர்வராயனையும் காவேரியம்மனையும் வழிபட்டு மே மாதத்தில் திருவிழா எடுக்கும் அவர்களுக்கென்று ஒரு வரலாறு இருக்கிறது. நாம் பாட்டில் படித்ததை அவர்கள் முகத்தில் தேடுவது மரியாதையன்று. காப்பித் தோட்டங்கள் வந்த பிறகு அவர்கள் நிலமும் வாழ்வும் எப்படி மாறின என்று கேட்டால், அவர்களே சொல்வதற்கு நிறைய இருக்கும்.

கண்ணப்ப நாயனார் எயினரா?

உடுப்பூர் வேடர் தலைவன் நாகனின் மகன் திண்ணன் என்று 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடுகிறார். வில், நாய், வலை, பன்றி வேட்டை என்று சங்க வேட்டுவரின் அடையாளங்கள் எல்லாம் அங்கே தொடர்கின்றன. ஆனால் பக்தி இலக்கியம் வேட்டுவரை அன்பின் எல்லையைக் காட்டுவதற்காகப் பாடுகிறது. சங்கப் பாட்டின் நோக்கம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் படிப்பது நல்லது.

இன்று காட்டில் முயல், உடும்பு பிடிக்கலாமா?

கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி அது குற்றம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்கு நிலத்திலும் சிறுவன மகசூலிலும் உரிமை தருகிறது. வேட்டைக்கு அதில் இடமில்லை.

பள்ளி ஆண்டுவிழாவில் எயினர் நாடகம் போட விரும்புகிறோம். வேடம் எப்படி அமைக்கலாம்?

தலையில் இறகு, இடுப்பில் தழை, உடம்பெல்லாம் கரி, வாயில் பொருளற்ற கூச்சல் என்று போடப்படும் வேடத்துக்கும் நம் பாடல்களுக்கும் தொடர்பில்லை. தயவுசெய்து அதைத் தவிர்த்துவிடுங்கள். காலுக்குத் தோல் செருப்பு, தோளில் வில், கழுத்தில் புலிப்பல் போன்ற மாலை, பின்னணியில் பம்பையோ உடுக்கையோ இருந்தால் போதும். பேச்சு நல்ல தமிழாகவே இருக்கட்டும். பாட்டில் அவர்கள் பேசியதும் தமிழ்தான். வேட்டைக் காட்சியை விட, பசித்து வந்த பாணனுக்குத் தேக்கிலையில் சோறிடும் காட்சியைக் குழந்தைகள் நன்றாக நடிப்பார்கள். மேடையிலும் அது எடுபடும்.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

புறநானூறு 320-ஐ முதலில் உரையோடு படியுங்கள். பிறகு பெரும்பாணாற்றுப்படையில் எயினர் வரும் பகுதி. அது ஏறத்தாழ ஐம்பது அடிகள்தான். வேட்டுவ வரியை வாய்விட்டுப் படிக்க வேண்டும்; அதிலுள்ள பாடல்களின் தாளம் கண்ணால் மட்டும் படித்தால் பிடிபடாது. இந்த மூன்றையும் முடித்த பிறகு குறுந்தொகைப் பாலைப் பாடல்களுக்குப் போனால், இரண்டொரு அடிகளில் மின்னி மறையும் எயினரைக்கூட உங்களால் அடையாளம் கண்டுகொள்ள முடியும்.